ஒரே ஆலையில் இரண்டு வேகங்கள்: அம்பாறைக் கரையோர அரிசி ஆலை ஒன்றின் முடிவெடுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் நீரைப் பெறும் வட்டைகளை (வயல்வெளிகளை) நம்பி இயங்குகின்ற நடுத்தர அளவிலான அரிசி ஆலை ஒன்று, 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் 2025 வரை எடுத்த சில முடிவுகளை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. ஆலையை நடத்துபவர்கள் இருவர். ஒருவர் ஆலையைத் தொடங்கியவரின் மருமகன், மற்றவர் மகன். அவர்களுடைய விருப்பப்படி பெயர்களையும் ஊரையும் தவிர்த்து, மூத்தவர் என்றும் இளையவர் என்றும் குறிப்பிடுகிறேன். மூத்தவர் நெல் கொள்முதலையும் விற்பனையையும், இளையவர் கணக்கையும் வங்கி அலுவல்களையும் பார்த்துவந்தார்கள்.

இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்ன குறை பல குடும்பத் தொழில்களில் கேட்கக்கூடியதுதான். மூத்தவர் நினைத்த மாத்திரத்தில் முடிவெடுக்கிறார், யாரையும் கேட்பதில்லை என்பது ஒரு பக்கம்; இளையவர் எதையும் முடிக்கமாட்டார், கொப்பியை விரித்துக்கொண்டு இருப்பார் என்பது மறுபக்கம். வேகத்தையும் நிதானத்தையும் அவர்கள் ஆட்களின் குணமாகப் பார்த்தார்கள். ஆலையின் பதிவுகளை ஆண்டுவாரியாகப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வேறு. எந்த விடயத்தில் விரைந்து முடிவெடுக்கலாம், எதில் கூடாது என்பதை அந்த விடயமே தீர்மானிக்கிறது. அதை அவர்கள் ஆளுக்குப் பங்கிட்டு வைத்திருந்ததுதான் நட்டத்துக்குக் காரணம்.

உரிமை பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் அது முக்கியமாகிறது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடையே வீடுவளவு மகளுக்குச் சீதனமாகப் போவதும் மருமகன் மனைவியின் வீட்டில் குடியமர்வதும் வழமை. இங்கும் ஆலை நிற்கும் காணி மகளின் பெயரில், அதாவது மூத்தவரின் மனைவியும் இளையவரின் அக்காவுமானவரின் பெயரில் இருக்கிறது. ஆனால் 2023 வரை ஆலை தொடர்பான எந்தப் பேச்சிலும் அவர் இருந்ததில்லை.

கொள்முதல் முற்றத்தில்

பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதியும் விதைப்புக்கான திகதியும் தீர்மானிக்கப்படுவதால், ஒரு வட்டையின் வயல்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் விளைகின்றன. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை இயந்திரங்கள் இறங்கினால் சில வாரங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். இயந்திரம் வெட்டிய நெல்லில் ஈரப்பதன் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அப்படியே குவித்து வைத்தால் ஒரு நாளுக்குள் சூடேறி, அரிசி மஞ்சளாகத் தொடங்கும். ஆகவே பின்னேரம் உழவு இயந்திரப் பெட்டியில் நெல்லோடு வரும் முல்லைக்காரரால் (வயலைப் பொறுப்பாகப் பார்ப்பவரால்) காத்திருக்க முடியாது. இங்கே விலை கிடைக்காவிட்டால் அடுத்த ஆலைக்குத் திருப்பிவிடுவார்.

மூத்தவர் அந்த முற்றத்தில் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். மூடைக்குள் முழங்கைவரை கையை விடுவார். அடியிலிருந்து எடுத்த பிடியை உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். பதர் எவ்வளவு பறக்கிறது என்று பார்ப்பார். இரண்டு நெல்லைக் கடித்து, அது நொறுங்குகிறதா நசிகிறதா என்பதைப் பல்லிலேயே அறிவார். பிறகு எந்த வட்டை நெல் என்று ஒரு கேள்வி, உடனே விலை. எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

இந்த வேகம் அசட்டையில் வந்ததன்று. உளவியலாளர் டானியல் கானமன் மனித உள்ளுணர்வின் தவறுகளை ஆராய்ந்து 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். தீயணைப்பு அதிகாரிகள் நொடிப்பொழுதில் எடுக்கும் சரியான முடிவுகளை ஆராய்ந்த கரி கிளைன் அதே உள்ளுணர்வை மதித்தவர். எதிரெதிர் நிலையில் நின்ற இவ்விருவரும் 2009இல் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு பொது முடிவுக்கு வந்தார்கள்: சூழல் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், தன் கணிப்பு சரியா பிழையா என்பதை ஒருவர் பலமுறை, காலந்தாழ்த்தாமல் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் மட்டுமே பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். நெல்லின் தரம் அத்தகைய விடயம். மூத்தவர் வாங்கிய ஒவ்வொரு தொகுதியும் அவித்துக் காயவைத்து அரைக்கப்பட்டு, எவ்வளவு அரிசி, எவ்வளவு குருணல், எவ்வளவு தவிடு என்று சில வாரங்களுக்குள் அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய கை பதில் பெற்றுக்கொண்டே பழகியது.

இளையவர் ஒரு பருவத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஈரமானியில் மூன்று தடவை அளந்து, மரந்தகஹமுல மொத்த அரிசிச் சந்தையின் விலையைத் தொலைபேசியில் கேட்டு, அதன் பிறகே விலை சொல்வது என்று நடைமுறைப்படுத்தினார். "பாத்துச் சொல்றன் அத்தான்" என்பார். "நெல்லு காத்திராது தம்பி" என்று மூத்தவர் சொன்னபடியே, வழமையாக வந்துகொண்டிருந்த சில போடிமாரின் (பெரிய வயற்சொந்தக்காரரின்) நெல் வேறு ஆலைகளுக்குப் போய்விட்டது.

ஆனால் இளையவரின் அளவைகள் வீண்போகவில்லை. மூத்தவரின் கணிப்பையும் கருவியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பெரும்பாலான தொகுதிகளில் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. இரண்டு வகை நெல்லில் மட்டும் கை தவறியது. ஒன்று, புதிதாக வந்த இனங்கள். மற்றது, சில மணி நேரம் தார்வீதியில் விரித்து அள்ளிய நெல். வெயிலில் மேல்தோல் விரைவில் காய்ந்து சூடாக இருக்கும், உள்மணியில் ஈரம் நிற்கும். தேய்த்துப் பார்க்கும் கைக்கு அது தெரிவதில்லை. இதன் விலையைக் கணக்கிடுவது கடினமன்று. 20 சதவீத ஈரப்பதனுள்ள 1,000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 930 கிலோ எஞ்சும். உண்மையில் அது 22 சதவீதமாக இருந்தால் 907 கிலோ மட்டுமே எஞ்சும். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ‘நாடு’ எனப்படும் வகை நெல்லுக்கு அறிவித்த கிலோ 120 ரூபா விலையில் பார்த்தாலும், 5 தொன் ஏற்றிய ஒரு லொறிக்கு ஏறத்தாழ 14,000 ரூபா கைநழுவுகிறது. விரைந்த கணிப்பு எங்கே சறுக்குகிறது என்பதை நிதானமான பதிவுதான் காட்டிக்கொடுத்தது.

விலை பற்றிய உணர்வு

அதே மூத்தவர், அதே முற்றம். ஆனால் நெல்லின் தரத்தை விட்டு விலையின் போக்குக்கு வந்தால் நிலைமை வேறு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது மாரிகாலப் பெரும்போக விதைப்பில் பெரும்பகுதி முடிந்திருந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு விதிக்கப்பட்ட உச்ச விலை அந்த மாதம் முடிவதற்குள் நீக்கப்பட்டது. உரமில்லாத வயலைப் பார்த்த மூத்தவர் விளைச்சல் விழும், விலை ஏறும் என்று நம்பி, 2022 அறுவடையில் கையிலிருந்த பணத்துக்கெல்லாம் நெல் வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கினார். அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறைந்தது. விலை ஏறியது. ஆலை நல்ல இலாபம் கண்டது.

2023 அறுவடையிலும் அவர் அதே உணர்வோடு வாங்கினார். இம்முறை வங்கி மேலதிகப்பற்றில், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடனில். உரம் மீண்டும் கிடைத்திருந்தது, விளைச்சல் தேறியிருந்தது, நெல் விலை முந்தைய ஆண்டின் உச்சத்திலிருந்து இறங்கியது. வட்டி வீதமோ 20 சதவீதத்தை நன்கு தாண்டியிருந்தது. ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் நான்கு மாதம் நெல்லை வைத்திருந்தால் வட்டி மட்டும் 8 சதவீதம். விலை அந்த அளவு ஏறினால்தான் போட்ட பணமாவது திரும்பும். எலி, வண்டு, நிறை இழப்பு இதற்கு வெளியே. அந்தக் கணக்கு அரைப்பக்கத்தில் முடியக்கூடியது. யாரும் போடவில்லை.

விலை என்பது வர்த்தமானி அறிவித்தலாலும் இறக்குமதித் தீர்மானத்தாலும் செலாவணி விகிதத்தாலும் அசைவது. ஆண்டுக்கு இரண்டு அறுவடை என்றால் ஒரு வியாபாரிக்குத் தன் விலைக் கணிப்பைச் சரிபார்க்கக் கிடைப்பது ஆண்டுக்கு இரண்டு வாய்ப்புத்தான்; அவையும் ஒன்றுபோல் அமைவதில்லை. இதில் பழகிய கை என்று ஒன்று உருவாக இடமில்லை. ஆனால் தரத்தில் சரியாகச் சொல்லிச் சொல்லிப் பெற்ற உறுதி, அவரை அறியாமலே விலைக்கும் பரவிவிட்டது. நம்பிக்கையின் அளவு உள்ளுக்குள் ஒன்றாகவே தோன்றும். அதன் பின்னாலுள்ள பயிற்சி ஒன்றாக இருப்பதில்லை.

கடன் கொடுப்பதிலும் இதே தவறு நடந்தது. கொழும்பு மொத்த வியாபாரி ஒருவருக்குப் பின்திகதியிட்ட காசோலைகளின் பேரில், தொலைபேசிப் பேச்சிலேயே வழமையைவிடப் பல மடங்கு அரிசி அனுப்பப்பட்டது. காசோலைகள் திரும்பி வந்தன. பணம் கட்டாமல் போகிறவர்கள் அரிதாகவே வருவதால், குரலைக் கேட்டு ஆளை மதிப்பிடும் திறமை தனக்கு இருக்கிறதா இல்லையா என்பதை ஒருவர் அறிய நேர்வதே இல்லை.

நிறம் பிரிக்கும் இயந்திரம்

குடும்பத்தில் அதிகம் பேசப்பட்டதும், பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டதும் இந்த முடிவுதான். 2021 டிசம்பரில் மூத்தவர் வேறோர் ஆலையில் கறுப்பு, மஞ்சள் அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சோர்ட்டர் இயந்திரத்தைப் பார்த்தார். அடுத்த வாரமே முற்பணம் கட்டவேண்டும் என்று நின்றார். இளையவர் மூன்று இறக்குமதியாளர்களிடம் விலைக்கூற்றுக் கேட்டார். அவை வந்தபின் நாலாவதையும் கேட்டார். பிறகு பெரும்போக அறுவடை முடியட்டும் என்றார். 2022 மார்ச் 7ஆம் திகதிக்குப் பின் ரூபாவின் பெறுமதி விழத் தொடங்கியது. அதுவரை ஏறத்தாழ 200 ரூபாவாக வைக்கப்பட்டிருந்த டொலர் மே மாத நடுப்பகுதியில் 360 ரூபா வரை சென்றது. ஏப்ரல் 8இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. டொலரில் கூறப்பட்டிருந்த இயந்திரத்தின் விலை ரூபாவில் முக்கால் மடங்குக்கும் மேல் கூடியது, குத்தகைக் கடன் எட்டாத இடத்துக்குப் போனது, இயந்திரம் வரவேயில்லை.

அன்றிலிருந்து வீட்டில் தீர்ப்பு ஒன்றுதான்: யோசித்துக்கொண்டிருந்ததால் இழந்தோம். 2023இல் மேலதிகப்பற்றில் நெல் வாங்கியபோது இளையவர் வாய் திறக்காமல் இருந்ததற்கும் இந்தத் தீர்ப்பே காரணம் என்று அவரே சொன்னார். ஒரு முடிவின் பலனை வைத்து அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தை எடைபோட்டதால், அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய நட்டம் வந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2021 டிசம்பரில் மூத்தவர் விரைந்தது ரூபா விழும் என்று கண்டதால் அன்று. பக்கத்து ஆலையில் இயந்திரம் வந்துவிட்டதால். விரைந்து வாங்கியிருந்தால் அது நன்மையாக முடிந்திருக்கும், ஆனால் அந்த நன்மைக்கு அவருடைய யோசனை காரணமாக இருந்திருக்காது. இளையவர் செய்ததையும் நிதானமான சிந்தனை என்று நான் ஏற்கமாட்டேன். நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு சுருங்குவதையும், 2022 ஜனவரி 18இல் கட்டவேண்டியிருந்த 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனையும் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. டொலரில் விலை கூறப்படும் ஒரு பொருளை வாங்க யோசிப்பவர் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். அவரோ இயந்திரங்களின் மின்வலுவையும் கமெராக்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது விலைக்கூற்று முடிவை மாற்றியிருக்கக்கூடும். நாலாவது எதையும் மாற்றியிருக்காது. காத்திருப்பதால் புதிதாக என்ன தெரியவரும், தெரிந்தால் முடிவு மாறுமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது, அந்தக் காத்திருப்புக்குப் பெயர் தள்ளிப்போடுதல்.

1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பொருந்துகிறது. முகாமைத்துவ ஆய்வாளர் கத்லீன் ஐசன்ஹார்ட், அமெரிக்காவின் எட்டுச் சிறுகணினி நிறுவனங்களைப் பார்த்து, விரைந்து முடிவெடுத்த நிறுவனங்கள் மற்றவற்றைவிடக் குறைந்த தகவலோடு அன்றிக் கூடுதலான தகவலோடும், கூடுதலான மாற்றுவழிகளை ஒரே நேரத்தில் பரிசீலித்துமே இயங்கின என்று கண்டார். அன்றாட நிலவரம் எப்போதும் அவர்கள் கையில் இருந்தது. இணக்கம் வராதபோது பொறுப்பானவர் முடிவைச் சொல்லிவிட்டார். வேகமாக முடிவெடுப்பவர் யோசிக்காதவர் என்ற பொதுக் கருத்துக்கு இது நேர்மாறானது. நமது ஆலையில் முற்றத்து மூத்தவர் இப்படித் தகவலோடு விரைந்தவர். களஞ்சியத்து மூத்தவர் அப்படியல்லர்.

கையெழுத்து

திருப்பம் வங்கியிலிருந்து வந்தது. 2023இன் நடுப்பகுதியில் மேலதிகப்பற்றைப் புதுப்பிக்கக் காணி ஈட்டுப் பத்திரத்தில் அக்காவின் கையெழுத்துத் தேவைப்பட்டது. முன்னர் கேட்ட இடத்தில் கையெழுத்திட்டவர், இம்முறை எதற்காக இந்தப் பணம், அது திரும்பாவிட்டால் என்ன செய்வது என்பதை இருவரும் எழுதித் தரும்வரை மறுத்துவிட்டார். எழுதியபோதுதான் இருவர் எழுதியதும் வெவ்வேறு என்று தெரிந்தது. ஒரு திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு அதற்கான காரணங்களை முன்கூட்டியே எழுதிப்பார்க்கும் முறையைக் கரி கிளைன் பரிந்துரைத்திருக்கிறார். அக்கா அதைப் படித்தவர் அல்லர், தன் காணியைப் பற்றிய கவலையில் கேட்டவர். என் பார்வையில் இந்த நிகழ்வில் மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அந்த மறுப்புத்தான்.

அதன்பின் அவர்கள் மூவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு, எவர் முடிவெடுக்கிறார் என்பதைவிட எந்த விடயத்துக்கு எவ்வளவு நேரம் என்பதையே முதலில் கேட்டது. பிழைத்தால் திருத்திக்கொள்ளக்கூடியது, பலன் விரைவில் தெரியவருவது என்றால் ஒருவரே உடனடியாக முடிவெடுக்கலாம். முற்றத்து விலை முழுக்க மூத்தவருடையதாயிற்று. புதிய இனத்துக்கும் வீதியில் காய்ந்த நெல்லுக்கும் மட்டும் கருவி கட்டாயம். பெரிய நிறுவனங்கள் திருத்தக்கூடிய சிறு முடிவுகளுக்கும் திருத்த முடியாத பெரு முடிவுகளுக்குரிய சடங்கையெல்லாம் செய்து மந்தமாகின்றன என்று அமேசன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான தம் பங்குதாரர் கடிதத்தில் எழுதினார். நாலு பேர் வேலைசெய்யும் கொள்முதல் முற்றத்திலும் அது நடக்கக்கூடும் என்பதை இளையவரின் அந்த ஒரு பருவம் காட்டியிருந்தது. மறுபுறம், சில வாரங்களுக்கு அரைக்கத் தேவையான அளவுக்கு மேல் நெல்லைத் தேக்கி வைப்பதற்கும் கடனில் வாங்குவதற்கும் மூவரின் கையெழுத்தும் வேண்டும்.

கடன் விடயத்தில் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வியாபாரிக்கும் எவ்வளவுவரை கடன் என்பதை அவசரமில்லாத ஒக்டோபர், நவம்பர் காலத்தில் பழைய கொடுப்பனவுகளைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். பருவம் தொடங்கியபின் மூத்தவர் தொலைபேசியில் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. எல்லைக்குள் இருக்கும்வரை இளையவர் தடுக்கவும் முடியாது. நிதானமாக யோசிப்பது முன்கூட்டியே முடிந்துவிடுவதால், லொறி வாசலில் நிற்கும்போது யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

வெள்ளத்துக்கும் அப்படியே ஒரு விதி எழுதினார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்து, ஆலைக்குப் பின்னாலுள்ள வாய்க்காலில் குறித்த மட்டத்துக்கு நீர் ஏறினால், கீழ் வரிசை மூடைகளை மேடைக்கு மாற்றும் வேலையைக் காவலாளியே தொடங்கலாம். எவரையும் கேட்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் இறுதியில் வங்காள விரிகுடாத் தாழமுக்கத்தால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, வீதிகள் துண்டிக்கப்பட்டு இருவரும் ஆலைக்கு வரமுடியாத இரவில் மூடைகள் மேலே போயிருந்தன.

இயந்திரத்தையும் அவர்கள் மறக்கவில்லை. வட்டி இறங்கிய 2024இல் உடனே வாங்காமல், ஒரு பருவம் முழுவதும் தங்கள் அரிசியில் ஒரு பகுதியை வேறோர் ஆலையில் கூலிக்குப் பிரித்தெடுத்து விற்றுப் பார்த்தார்கள். நாட்டுப் புழுங்கல் அரிசிக்கு வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள், சிவப்பரிசிக்குக் கொடுக்கவில்லை. ஆகவே முதலில் விரும்பியதைவிடச் சிறிய கொள்ளளவுள்ள இயந்திரம் போதும் என்ற முடிவுக்கு வந்து, அதையே வாங்கினார்கள். திருத்த முடியாத பெரிய முடிவொன்றின் முன்னால், திருத்தக்கூடிய சிறிய சோதனையை வைக்க இடமிருக்கிறதா என்று தேடுவது இந்த ஆலைக்கு வெளியேயும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மூன்று கையெழுத்து விதியால் 2025 சிறுபோகத்தில் மலிவாக வந்த ஒரு தொகுதி நெல் தவறிப்போனதை மூத்தவர் இன்னும் குறையாகவே சொல்கிறார். அந்தக் குறையில் நியாயமும் உண்டு. அவருடைய கையிலுள்ள அறிவு அவரோடு போய்விடக்கூடாது என்ற கவலையில், இளையவர் இப்போது முற்றத்தில் நின்று தன் கணிப்பை முதலில் கொப்பியில் எழுதி, அதன் பக்கத்தில் மூத்தவர் சொன்னதையும் கருவி காட்டியதையும் எழுதிவருகிறார். அடுத்ததாக நெல் உலர்த்தி வாங்குவதா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. மழை நாட்களில் எத்தனை தொகுதி நெல்லைத் திருப்பி அனுப்பினோம் என்ற பதிவு ஒரு பெரும்போகத்துக்காவது கையில் வரட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பேசுவதற்கான திகதியையும் ஏப்ரல் மாதத்தில் அவரே குறித்து வைத்திருக்கிறார்.